பீட்சாவும் ஒப்பந்தமும்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து போஸ்ட்டாக்குகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு செப்டம்பரிலும் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தபின் தற்காலிகமாக ஆராய்ச்சி வேலை பார்ப்பவர்) பாராட்டு வாரம் என்று ஒன்று வரும். நான் நாலு வருடம் குப்பை கொட்டிய பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்) அந்த வாரம் எங்களுக்கு பீட்சா, ஒரு துணிப்பை, மதியத்தில் அரை மணி நேரம் யோகா, அப்புறம் மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி ஒரு பட்டறை. யோகா நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விரிப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான்: நியமனக் கடிதம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, புதுப்பிப்பாரா மாட்டாரா என்று லேப் தலைவரான பி.ஐ.யிடம் எப்படிக் கேட்பது? பட்டறை நடத்திய பெண்மணி ஆழமாக மூச்சு விடச் சொன்னார். விட்டேன். கடிதம் அப்படியேதான் இருந்தது.

போஸ்ட்டாக் நலம், போஸ்ட்டாக் முன்னேற்றம் என்றெல்லாம் பல்கலைக்கழகங்கள் பேசும்போது உண்மையில் எது வேலை செய்கிறது என்று அன்றிலிருந்தே எனக்கு ஒரு குடைச்சல். அதற்கு ஆழமாகப் பார்க்க நல்ல இடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், எல்லோரும் யூசி என்று சொல்வது. நான் அங்கே வேலை பார்த்தவள் இல்லை, வெளியிலிருந்து பார்த்தவள்தான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சான் ஃபிரான்சிஸ்கோ என்று பத்து வளாகங்கள், கூடவே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். போஸ்ட்டாக்குகளுக்காக ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய கிட்டத்தட்ட எல்லாமே இருபது வருடத்துக்குள் அங்கே நடந்திருக்கிறது: விதிமுறை, மருத்துவக் காப்பீடு, தொழில் வழிகாட்டல், யூனியன், ஒப்பந்தம், வேலைநிறுத்தம். எது எதைத் தொட்டது, எது தொடவே இல்லை என்று ஒரே இடத்தில் பார்க்கலாம்.

போஸ்ட்டாக் என்றால் என்ன என்று ஊரில் அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைத்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பிஎச்.டி. முடித்தாயிற்று, ஆகவே மாணவர் இல்லை. பேராசிரியரும் இல்லை. ஒரு பேராசிரியர் (அவர்தான் பி.ஐ.) வாங்கி வைத்திருக்கும் கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) பணத்தில், அவருடைய லேபில், அவருடைய திட்டத்துக்காக வேலை பார்த்துக்கொண்டே தனக்கென்று சில பேப்பர்களைச் சேர்த்து, ஒருநாள் தானும் பி.ஐ. ஆகலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆள். திரிசங்கு சொர்க்கம் என்பார்களே, அதற்கு ஒரு அடையாள அட்டை கொடுத்தால் போஸ்ட்டாக். பேராசிரியர் வேலைக்குப் போய்ச் சேர்பவர்கள் சிறுபான்மை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் அந்தச் சிறுபான்மையில் தானும் ஒருவர் என்று நினைத்துத்தான் உள்ளே வருகிறோம்.

முதலில் ஒரு பெயர்

யூசியில் முதல் பெரிய மாற்றம் 2003 ஜூலையில் வந்த ஏபிஎம்-390 என்ற விதி. படித்தால் தூக்கம் வரும் ஆவணம். ஆனால் வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை விதவிதமாக நியமிக்கப்பட்டுக்கொண்டிருந்தவர்களை ஒரே வகையாக வரையறுத்தது அதுதான். எவ்வளவு காலம் போஸ்ட்டாக்காக இருக்கலாம் என்பதற்கு ஐந்து வருட உச்சவரம்பும் வைத்தது. வேறு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக இருந்த வருடங்களும் அந்த ஐந்தில் சேரும், தவிர்க்க முடியாத நிலையில் ஆறாவது வருடம் கேட்டு வாங்கலாம்.

இந்த உச்சவரம்பைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. பத்து வருடம் ஒருவரை மலிவாக வைத்து வேலை வாங்குவதைத் தடுக்க வந்த விதி என்பது சரி. ஐந்து வருடம் முடிந்ததும் நிரந்தர ஆராய்ச்சியாளர் பதவி ஒன்று தயாராக இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லையென்றால் வாசலில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்தது போலத்தான். எலி மாதிரிகளை வைத்து வேலை செய்பவர்களைக் கேளுங்கள், ஒரு மரபணு மாற்ற எலியை உருவாக்கி, இனப்பெருக்கம் செய்து, முதல் உருப்படியான தரவு வருவதற்குள்ளேயே இரண்டு வருடம் போய்விடும், அதன்பின் பேப்பர் எழுதி, விமர்சகர்கள் கேட்கும் கூடுதல் சோதனைகளைச் செய்து முடிப்பதற்குள் கடிகாரம் நாலரை வருடத்தைக் காட்டும்.

2005-இல் போஸ்ட்டாக்குகளுக்கென்று தனி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் ஒரு எலும்பு முறிவு என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதிகம் பேசப்படாத, நிஜமான முன்னேற்றம்.

யூசியில் போஸ்ட்டாக் என்ற ஒரே சொல்லுக்குக் கீழே மூன்று வகை உண்டு. பி.ஐ.யின் கிராண்டிலிருந்து சம்பளம் வாங்குபவர் ‘ஊழியர்’. ஃபெல்லோஷிப் பணம் பல்கலைக்கழகம் வழியாக வருபவர் ‘ஃபெல்லோ’. வெளி அமைப்பு ஒன்று நேராகக் கையில் கொடுத்தால் ‘நேரடி ஊதியம்’. மூவரும் ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்வார்கள். ஆனால் வரி வேறு, சலுகை வேறு. அமெரிக்காவில் பல இடங்களில் நடக்கும் ஒரு விசித்திரம் இது: நீங்கள் போராடி, பெருமைக்குரிய ஒரு ஃபெல்லோஷிப்பை வாங்கினால், அந்த நொடியிலிருந்து சட்டப்படி நீங்கள் ஊழியர் இல்லை, அதனால் ஓய்வூதிய நிதிக்குப் பல்கலைக்கழகம் போடும் பங்கு முதற்கொண்டு சிலது கைவிட்டுப் போகும். பரிசு வாங்கியதற்குத் தண்டனை. யூசியில் பின்னால் யூனியன் வந்தபோது இந்த மூன்று வகையினரையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள், வெளியிலிருந்து வரும் தொகை குறைந்தபட்சத்தைத் தொடவில்லை என்றால் மீதியைப் பல்கலைக்கழகம் போட்டு நிரப்ப வேண்டும் என்றும் எழுதினார்கள். ஒப்பந்தத்தில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

தொழில் வழிகாட்டல்: நல்லது, ஆனால்

நடுவில் இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக் நலம் என்றதும் முதலில் காட்டுவது இதைத்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் இதில் முன்னோடி. முழுக்க மருத்துவமும் உயிரியலும்தான் அங்கே, போஸ்ட்டாக்குகள் நிறைந்த இடம். பேராசிரியர் வேலைக்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கிறது என்று அங்கிருந்த தொழில் வழிகாட்டல் அலுவலகம் நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மற்ற இடங்களில் அதைச் சொல்வதே துரோகம் மாதிரி பார்க்கப்பட்டது. 2012-இல் வந்த ‘மைஐடிபி’ என்ற இணையக் கருவியை உருவாக்கியவர்களில் அந்த வளாகத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் திறமை என்ன, விருப்பம் என்ன, எந்தத் தொழில் பொருந்தும் என்று கேள்வி கேட்டு, அடுத்த வருடத்துக்கான தனிநபர் வளர்ச்சித் திட்டம் ஒன்றை எழுத வைக்கும் கருவி. 2013-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்ஐஎச், ‘பெஸ்ட்’ என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்தது. மொத்தம் 17 நிறுவனங்கள். யூசியில் சான் ஃபிரான்சிஸ்கோவும் டேவிஸும் முதல் சுற்றிலேயே வாங்கின, அடுத்த சுற்றில் அர்வைன் வாங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் போஸ்ட்டாக்குகளும் ஆய்வு மாணவர்களும் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, வெவ்வேறு துறைகளில் வேலை பார்ப்பவர்களைத் தேடிப் பேசி, தங்களுக்கு எது சரிப்படும் என்று ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவர்களுக்கு அதையே தங்கள் வாழ்க்கையின் மேல் செய்யச் சொன்னது புத்திசாலித்தனம்.

வேடிக்கை என்னவென்றால், 2014 அக்டோபரிலிருந்து என்ஐஎச் தன் ஆண்டறிக்கைகளில் இந்த வளர்ச்சித் திட்டங்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று எழுதச் சொன்னது. திட்டத்தை இணைக்கத் தேவையில்லை, பயன்படுத்துகிறோம் என்று எழுதினால் போதும். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் இருந்த இடத்தில் ஜூன் மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வரும், படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி அனுப்பவும் என்று. என் பி.ஐ. நல்ல மனிதர்தான், நடைபாதையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்’ என்ற கட்டத்தில் நான் எழுதியதை அவர் படிக்கவில்லை. படிக்காததே நல்லது.

யூசி ஒப்பந்தத்தில் இந்தத் திட்டத்தை போஸ்ட்டாக்கின் உரிமையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர் கேட்டால் பி.ஐ. உட்கார்ந்து பேச வேண்டும். இதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதன் எல்லையும் தெரிகிறது. சம்பளம், பரிந்துரைக் கடிதம், விசா மூன்றையும் கையில் வைத்திருப்பவரிடம் போய் ‘எனக்கு உங்கள் துறையில் இருக்கப் பிடிக்கவில்லை, கம்பெனிக்குப் போகிறேன்’ என்று மனம் திறக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

2010

போஸ்ட்டாக்குகள் யூனியன் வைப்பதா என்று அப்போது பலர் சிரித்தார்கள். அதுவும் எந்த யூனியன்? கார் தொழிலாளர் சங்கம், யுஏடபிள்யூ. டெட்ராய்ட்டில் கார் பூட்டுகிறவர்களும் பெர்க்லியில் புரதம் பிரிக்கிறவர்களும் ஒரே கொடியின் கீழே. 2006-இல் ஒரு முயற்சி நின்றுபோய், 2008-இல் பெரும்பான்மை கையெழுத்துகளோடு யூனியன் அங்கீகாரம் வாங்கியது. அதன் பிறகு பேச்சுவார்த்தை இழுத்தது, இழுத்தது, எந்த அளவுக்கு என்றால் 2010 ஏப்ரல் 30 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கல்வி-தொழிலாளர் குழு பெர்க்லிக்கே வந்து, முதல் ஒப்பந்தம் ஏன் இவ்வளவு தாமதம் என்று விசாரணை நடத்தியது. குழுத் தலைவர் ஜார்ஜ் மில்லர் கலிஃபோர்னியாக்காரர். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 6,500 பேருக்கு.

உள்ளே என்ன இருந்தது? புதிதாக வரும் போஸ்ட்டாக்குக்கு வருடத்துக்குக் குறைந்தது 37,740 டாலர், அனுபவத்துக்கேற்ப என்ஐஎச்சின் போஸ்ட்டாக் சம்பள அளவுகோலை நோக்கி ஏறும் சம்பளம். விடுப்பு, நோய் விடுப்பு. காரணம் சொல்லாமல் நடுவில் நீக்க முடியாது. தகராறு வந்தால் கெடு நாள் வைத்து முடிக்கும் முறையீட்டு வழி, அது கடைசியில் வெளி நடுவர் வரை போகும்.

இந்தக் கடைசி வரிதான் என் கண்ணில் மிகப் பெரிய மாற்றம். சம்பளத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் பி.ஐ.யோடு பிரச்சினை என்றால் அதுவரை என்ன வழி? துறைத்தலைவரிடம் போகலாம், அவர் உங்கள் பி.ஐ.யோடு இருபது வருடமாக டென்னிஸ் ஆடுகிறவராக இருப்பார். சமரச அலுவலரிடம் போகலாம், அவர் பரிவோடு கேட்பார், அவருக்கு அதிகாரம் கிடையாது. வேறு லேப் தேடலாம், அதற்கும் பி.ஐ.யின் கடிதம் வேண்டும். முறையீட்டு வழி என்ற ஒன்று இருந்தால், அதை யாரும் பயன்படுத்தாவிட்டாலும், அறைக்குள் நடக்கும் பேச்சின் தொனி மாறுகிறது. என் வளாகத்தில் அது இல்லை. இருந்திருந்தால் நான் அதைப் பயன்படுத்தியிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான். ஆனால் என் லேபில் ஒருவர் நோய் விடுப்பில் இருந்தபோது வந்த நள்ளிரவு மின்னஞ்சல்கள் வந்திருக்காது.

வாடகை

2018-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் நாலு பேர் குடும்பம் வருடத்துக்கு 1,17,400 டாலருக்குக் கீழே சம்பாதித்தால் ‘குறைந்த வருமானம்’ என்று அமெரிக்க வீட்டுவசதித் துறையே அறிவித்தது. அதே வருடம் என்ஐஎச் அளவுகோலில் முதல் வருட போஸ்ட்டாக்குக்கு 48,432 டாலர். நாடு முழுக்க ஒரே அளவுகோல், அயோவாவிலும் அதே, சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அதே. கணவனோ மனைவியோ சார்பு விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாத நிலை, ஒரு குழந்தை. மீதிக் கணக்கை நீங்களே போடுங்கள்.

2020-இல் நேச்சர் இதழ் உலகம் முழுக்க 7,670 போஸ்ட்டாக்குகளிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், 51 சதவீதம் பேர் வேலை சார்ந்த மனநலக் காரணங்களால் ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று யோசித்திருப்பதாகச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு பல்கலைக்கழக நிர்வாகி ஆலோசகர் நேரத்தைக் கூட்டலாம் என்று முடிவெடுப்பார். ஆலோசகர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் வாடகை என்றால் ஆலோசகர் என்ன செய்வார்?

2022 நவம்பர் 14 அன்று யூசி முழுக்க 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். போஸ்ட்டாக்குகள், ஆராய்ச்சியாளர்கள், பாடம் எடுக்கும் மாணவர்கள், ஆய்வு மாணவர்கள் என நாலு பிரிவு. அமெரிக்க உயர்கல்வியில் அதுவரை அந்த அளவில் நடந்ததில்லை. பெரும்பகுதி மாணவர்கள்தான், போஸ்ட்டாக்குகள் ஆறாயிரம் சொச்சம். வேலைநிறுத்தம் என்றால் ஆலையில் இயந்திரத்தை நிறுத்துவது போல இங்கே முடியாது. லேபில் வளரும் செல்கள் வாரயிறுதி பார்க்காது. சோதனை நின்றால் முதலாளிக்கு முன்னால் நஷ்டம் உங்களுக்கு, பேப்பர் உங்களுடையது. அப்படியிருந்தும் வெளியே வந்து நின்றார்கள்.

நவம்பர் 29 அன்று போஸ்ட்டாக்குகளுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் தற்காலிக உடன்பாடு கிடைத்தது. அவர்கள் உடனே லேபுக்குத் திரும்பவில்லை, வாக்கெடுப்பு முடியும் வரை மாணவர்களுக்கு ஆதரவாக வெளியிலேயே இருந்தார்கள். டிசம்பரில் ஒப்பந்தம் உறுதியானது, மாணவர்களுடையது கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு.

கிடைத்தது இது: 55,000 டாலரை ஒட்டியிருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2023 ஏப்ரலில் 60,000, அக்டோபரில் 64,480, 2024 அக்டோபரில் 66,737. குழந்தை பிறந்தால் முழுச் சம்பளத்தோடு எட்டு வாரம், முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு. குழந்தைப் பராமரிப்புக்கு வருடத்துக்கு 2,500 டாலரில் தொடங்கும் உதவித்தொகை, அந்த ஊரில் ஒரு மாதம் ஒன்றரை மாதம் தாங்கும். கொடுமைப்படுத்தும் நடத்தைக்கு எதிராகத் தனி விதி. முதல் நியமனம் ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம்.

எட்டு வாரத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறார்கள் என்று படித்தபோது, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அண்ணி கேட்டாள், ‘எட்டு மாசமா?’ என்று. இல்லை அண்ணி, வாரம்.

இரண்டு வருடக் கடிதம்

பத்திரிகைகள் சம்பளத்தைத் தலைப்பாகப் போட்டன. நான் நின்றது அந்தக் கடைசி வரியில்.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கு மேல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். நம்மில் பெரும்பாலோர் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில். அந்த விசாவுக்கு ஆதாரம் டிஎஸ்-2019 என்ற தாள், அதை எந்தத் தேதி வரைக்கும் கொடுப்பார்கள் என்றால், உங்கள் நியமனமும் பணமும் எந்தத் தேதி வரைக்கும் இருக்கிறதோ அதுவரை. ஒரு வருடக் கடிதம் என்றால் ஒரு வருடத் தாள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், துறை அலுவலகத்துக்கு நினைவூட்ட வேண்டும், அவர்கள் சர்வதேச அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடுவில் ஊரில் அப்பாவுக்கு மாரடைப்பு என்று ஃபோன் வந்தால் என்ன செய்வீர்கள்? பழைய தாளோடு போனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க வேண்டும், நிர்வாகப் பரிசீலனை என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும், அதற்குள் லேபில் உங்கள் நியமனம் முடிந்துபோகும். போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் அப்பாவின் காரியத்தை வீடியோ அழைப்பில் பார்த்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் அந்த நேரத்தை மூன்று வாரம் முன்பே பதிவு செய்திருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு மனநலம் என்பது கடிதத்தில் உள்ள ஒரு தேதி. இரண்டு வருடக் கடிதம் கையில் இருந்தால் இரண்டு வருடத் தாள் வாங்கலாம், ஒரு தடவை ஊருக்குப் போய் வரலாம், பி.ஐ.யோடு ஒரு தடவையாவது கருத்து வேறுபடலாம். யோகா விரிப்பில் கிடைக்காத நிம்மதி அது. ஒப்பந்தத்தில் விதிவிலக்குகள் உண்டு, தெரியும். இருந்தாலும் வழக்கம் எது, விதிவிலக்கு எது என்பது மாறியிருக்கிறது.

கணக்கு இடிக்கும் இடம்

இப்போது பி.ஐ.க்களின் பக்கத்துக்கு வருகிறேன், அவர்களை வில்லனாக்கிவிட்டுப் போவது நியாயமில்லை.

உயிரியல் லேபுகள் பெரும்பாலும் என்ஐஎச் கிராண்டில் ஓடுகின்றன. அதில் ‘மாடுலர்’ என்ற எளிய வடிவம் 1999-இல் வந்தது, வருடத்துக்கு நேரடிச் செலவு 2,50,000 டாலர் வரை. கால் நூற்றாண்டு கழித்தும் அந்த உச்சவரம்பு அதே 2,50,000. 1999-இல் என்ஐஎச் அளவுகோலில் முதல் வருட போஸ்ட்டாக்குக்கு 26,256 டாலர், கிராண்டில் பத்தில் ஒரு பங்கு. யூசியின் 64,480 என்றால் கால் பங்குக்கு மேல், காப்பீடும் மற்ற சலுகைகளும் அதற்கு மேல். ஆக, பல்கலைக்கழகம் பேசி முடித்த சம்பளத்தை, பேச்சுவார்த்தை மேசையில் இல்லாத பி.ஐ., உயராத கிராண்டிலிருந்து கொடுக்க வேண்டும். மூன்று போஸ்ட்டாக் இருந்த இடத்தில் இரண்டு. மூத்த, அனுபவமுள்ள பெரிய லேபுகள் சமாளிக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த இளம் பி.ஐ., அவரும் போன வருடம் வரை போஸ்ட்டாக்காக இருந்தவர்தான், அவர் திண்டாடுவார்.

இதைச் சொன்னதும் ‘பார், சம்பளம் ஏற்றினால் வேலை போகும்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று பேரைப் பாதிச் சம்பளத்தில் வைத்து, மூவரில் ஒருவருக்குக்கூட அடுத்த வேலை இல்லை என்பதை விட, இரண்டு பேரை ஒழுங்காக வைப்பது மேல். ஆனால் அதை ஒரு பல்கலைக்கழகம் தனியாகச் செய்ய முடியாது, பணம் கொடுக்கிறவர் சேர வேண்டும். 2023 டிசம்பரில் என்ஐஎச்சின் ஆலோசனைக் குழு ஒன்று குறைந்தபட்சம் 70,000 டாலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024-இல் என்ஐஎச் ஏற்றியது 61,008-க்கு. பாதி வழிகூட இல்லை. யூசியின் வேலைநிறுத்தம் இல்லாமல் இதுவும் நடந்திருக்காது என்பது என் ஊகம்.

இந்தியாவோடு ஒரு வரி ஒப்பீடு, கேட்பீர்கள் என்று தெரியும்: 2023-இல் மத்திய அரசு ரிசர்ச் அசோசியேட்டுகளுக்கு, அதாவது அங்கே போஸ்ட்டாக்குக்கு இணையானவர்களுக்கு, மாதம் 58,000 ரூபாயிலிருந்து தொடங்குமாறு உயர்த்தியது, வீட்டுவாடகைப்படி தனி. தொகை மோசமில்லை. அது மாதாமாதம் வருமா என்பதுதான் அங்கே கேள்வி, அதற்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

2025

ஒப்பந்தம் எங்கே உதவாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசின் நிதிக் குறைப்பைக் காரணம் காட்டி யூசி முழுக்கப் புதிய நியமனங்களை நிறுத்தினார்கள். ஜூலை கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் ஆராய்ச்சிக் கிராண்டுகள் சுமார் 584 மில்லியன் டாலர் அளவுக்கு முடக்கப்பட்டன. நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெரும்பகுதி திரும்பி வந்தது. செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது, வெளிநாட்டிலிருந்து ஒரு போஸ்ட்டாக்கை அந்த விசாவில் அழைத்து வருவது எந்த லேபுக்குக் கட்டுபடியாகும்? பணம் இல்லை என்றால் ஆள்குறைப்பு செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை போனால் அடுத்த வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள்.

ஒரே ஒரு நல்ல செய்தி, அதுவும் சத்தமில்லாமல் வந்தது: ஜே-1 முடித்தவர்கள் இரண்டு வருடம் ஊரில் இருந்துவிட்டுத்தான் எச்-1பிக்கோ பச்சை அட்டைக்கோ போகலாம் என்று வைத்திருந்த திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு இன்னும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. நான் ஒரு வருடம் தள்ளாட்டத்தில் கழித்த விஷயம் இது, ஒரு பட்டியல் மாற்றத்தில் போயே போய்விட்டது.

போன மாதம் யூசி வளாகம் ஒன்றில் போஸ்ட்டாக்காகச் சேரப்போகும் தங்கை ஒருத்தி, எனக்கு இளையவள், மதுரைப் பக்கம், ஆஃபர் லெட்டரை அனுப்பி, ‘அக்கா, ஒரு தடவை பாருங்களேன்’ என்றாள். பார்த்தேன். இரண்டு வருடம், சம்பளம் அளவுகோலின்படி, விடுப்பு வருடத்துக்கு 24 நாள், யூனியன் ஒப்பந்தத்துக்கு இணைப்பு. நான் கையெழுத்துப் போட்ட ஒன்றரைப் பக்கக் கடிதத்தோடு ஒப்பிட்டால் பொறாமையாகவே இருந்தது. அப்புறம் அந்த பி.ஐ.யின் கிராண்ட் விவரத்தை என்ஐஎச்சின் பொதுத் தளத்தில் தேடினேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சேர்வதற்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டும். கிராண்ட் 14 மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறாரா என்று அதில் தெரியாது.

‘அப்போ எந்தத் தேதியை நம்பறது அக்கா?’ என்று கேட்டாள்.

டிஎஸ்-2019-ஐ 24 மாதத்துக்கு வாங்கு, பேப்பரை 14 மாதத்துக்குத் திட்டமிடு, அந்த பி.ஐ.யிடம் புதுப்பித்தல் பற்றி நேராகவே கேள் என்றேன். நேராகக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்றாள். நினைக்கட்டும், சேருவதற்கு முன்னாலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும் என்றேன். இன்னும் கேட்கவில்லை என்று நேற்று மெசேஜ் போட்டிருக்கிறாள்.